எத்தனை அடி உயர்த்தலாம்? – சிங்கப்பூர் நாட்குறிப்பு

முதல் நாள், திங்கள்

திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முன்பே தம்பி என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டான். நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் வாங்கிய மனையில் தை பிறந்ததும் வீடு கட்டத் தொடங்குகிறான். தெரு மட்டத்திலிருந்து 3 அடி அடித்தளம் போதும் என்கிறார் கொத்தனார். நாலரை அடியாவது வேண்டும் என்கிறாள் தம்பி மனைவி. ஒவ்வோர் அடிக்கும் சவுடு மண், செங்கல், கூலி என்று செலவு ஏறும். "நீ 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். கடல் ஏறுகிறது, ஏறுகிறது என்று சொல்வதும் நீதான். சிங்கப்பூரில் கடலோரத்தில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து ஓர் அளவு சொல், அக்கா. அதையே போட்டுவிடுகிறேன்" என்றான்.

அவனுக்கு 2004 டிசம்பர் 26 மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை. ஆனால் சுனாமி என்பது கடலடித் தரை அசைந்ததால் வந்த அலை. வந்த தண்ணீர் அன்றைக்கே திரும்பிப் போனது. அவன் கேட்பது கடலின் மட்டமே மெல்ல மெல்ல உயர்வதைப் பற்றி. அதன் பாதிக் கதை துருவப் பனியில் இருக்கிறது. பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதுதான். ஓய்வு பெற்ற பிறகு துருவப் பனி பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். ஆகவே இந்தக் குறிப்புகளில் ஊர் பார்த்த கதையோடு அதுவும் சேர்ந்தே வரும்.

விமானம் தாழ்ந்தபோது சன்னலுக்குக் கீழே நங்கூரமிட்ட கப்பல்கள் தெரிந்தன. அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சாங்கி நிலையத்துக்கு அக்கா மகன் வந்திருந்தான். கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலையில் பொறியாளர். காரில் வரும்போது கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் சித்தி, ஐந்தாம் முனையம். சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் கட்டுகிறார்கள்" என்றான்.

நோட்டை எடுத்து '5.5 மீட்டர், 18 அடி' என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்கள் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள்; எங்கள் கொத்தனார் தெரு மட்டத்திலிருந்து எண்ணுகிறார். வெளிப்பாளையத்துத் தெரு கடலுக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்

பிடோக்கில் அக்கா வீட்டுக்குக் கீழேயே சந்தை இருக்கிறது. இருந்தாலும் மீன் என்றால் அவளுக்குத் தேக்கா சந்தைதான். நாற்பது வருஷப் பழக்கம். நாலு பேரோடு தமிழில் பேசி, விலை குறைத்து வாங்கினால்தான் குழம்பு ருசிக்கும் என்பாள். வஞ்சிரத்தை மலாய்ப் பெயரால் தெங்கிரி என்று கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

என் கண் மீனில் இல்லை. ஒரு கடையில் உடைக்காத ஐஸ் பாளம் ஒன்று, இரண்டு முழ நீளம் இருக்கும், சிமெண்டு மேடையின் விளிம்பில் கிடந்தது. மேல்பக்கம் வெள்ளையாக, சொரசொரப்பாக, கோணாமல் முழுசாக இருந்தது. மீன் கழுவும் ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் மேடைச் சரிவில் வழிந்து அதன் அடியில் புகுந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு முஷ்டி நுழையும் உயரத்துக்கு அடியில் குகை. குகையின் கூரை கண்ணாடிபோல் வழவழவென்று, அலை அலையாகக் குழிந்திருந்தது. குழிகளின் விளிம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நின்றபடி பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் குனிந்திருக்கும்போதே முன்பக்கத்தில் ஒரு துண்டு படக்கென்று விட்டுப்போய், சறுக்கிக் கீழே விழுந்தது.

"காற்றில் கிடந்தால் மத்தியானம் வரைக்கும் தாங்கும் அம்மா. அடியில் தண்ணீர் ஓடிவிட்டால் நிற்காது" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

31 வருஷம் நான் பிள்ளைகளுக்கு நடத்தியது வேறு. காற்று சூடாகிறது, அதனால் துருவத்தில் பனி உருகுகிறது என்று சொல்லிக் கரும்பலகையில் பனிமலைக்கு மேலே ஒரு சூரியனை வரைவேன். கிரீன்லாந்தில் கோடைக்காலத்தில் மேல்பரப்பு உருகுவது உண்மைதான். ஆனால் அண்டார்டிகாவில் பெரிய இழப்பு நடக்கும் இடம் அடிப்பக்கம். நாம் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியில் தேங்கிய மிகை வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அந்தக் கடல்தான் இந்த ரப்பர் குழாய்.

அங்கே 'வெப்ப நீர்' என்று சொல்லப்படுவதைக் கேட்டால் நம்மவர்களுக்கு நம்பிக்கை வராது. சுமார் 1 டிகிரி செல்சியஸ். நாம் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஆனால் கடல்நீர் உறைவது பூச்சியத்தில் இல்லை, மைனஸ் 1.9 டிகிரியில். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அந்த அளவு இன்னும் கீழே இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் 1 டிகிரி நீர் வந்து மோதினால் பனிக்கு அது வெந்நீர்தான். இந்த நீர் உப்பு மிகுந்தது, அதனால் கனமானது. மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் மிதக்க, இது பல நூறு மீட்டர் ஆழத்தில் தனியாக ஓடுகிறது. பழங்காலத்துப் பனியாறுகள் கடலடியில் உழுது வைத்த பள்ளங்கள் இருக்கின்றன. அந்த வாய்க்கால்கள் வழியே நேராகப் பனியின் அடிவயிற்றுக்கே போய்ச் சேர்கிறது.

மேற்கு அண்டார்டிகாவில் துவைட்ஸ் என்று ஒரு பனியாறு. பரப்பு சுமார் 1,92,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1,30,000தான். தமிழ்நாட்டையும் இன்னொரு அரைத் தமிழ்நாட்டையும் சேர்த்து ஒரே பனியாறாகக் கற்பனை செய்து பாருங்கள். கடலோடு சேரும் இடத்தில் அகலம் 120 கிலோமீட்டர். இது முழுதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். இப்போது ஏறிவரும் அளவிலேயே ஏறத்தாழ 4 சதவீதம் இது ஒன்றிலிருந்து வருகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோடு 1992க்கும் 2011க்கும் நடுவில் 14 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. 2019இல் நாசா ஆய்வாளர்கள் இதன் அடியில் 10 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பொந்தைக் கண்டறிந்தார்கள். தேக்காவில் நான் குனிந்து பார்த்த அதே குகை, உயரம் மட்டும் 300 மீட்டர்.

இதைவிட என்னை உறங்கவிடாத விஷயம் தரையின் சாய்வு. மேற்கு அண்டார்டிகாவின் பெரும்பகுதிப் பனி, கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் உள்நாட்டை நோக்கிப் போகப் போகப் பள்ளம். கோடு ஒரு கிலோமீட்டர் பின்வாங்கினால், அங்கே பனி இன்னும் தடிமன், தண்ணீர் இன்னும் ஆழம். தடிமன் கூடினால் வெளியே வழியும் வேகமும் கூடும். ஒருமுறை சரிய ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு இடையில் மேடு வேண்டும். ஜான் மெர்சர் என்ற பனியியல் அறிஞர் 1978இலேயே இதை எழுதி எச்சரித்தார். அப்போது நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன்.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. கடைசியில் அக்கா வாங்கியது வௌவால்.

மூன்றாம் நாள், புதன்

நாகூர் தர்கா பார்க்கச் சிங்கப்பூருக்கு வர வேண்டுமா என்று கேட்காதீர்கள். தெலுக் ஆயர் தெருவில் ஒன்று இருக்கிறது. நம் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டியது. எங்கள் அப்பாவும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறித்தான் இங்கே வந்தார். வந்து இறங்கியதும் இந்த வாசலில் நின்றதாகச் சொல்வார். அந்த நினைவில் நானும் சற்று நேரம் நின்றேன்.

கட்டிய காலத்தில் வாசலுக்கு எதிரே கடல். தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயருக்கே நீர் விரிகுடா என்றுதான் பொருள். இப்போது கடலைத் தேடினால் வானுயர்ந்த கட்டடங்கள்தான் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே தூர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தெருவில் நின்றுகொண்டு, கடலை மனிதன் எவ்வளவு தூரம் தள்ளிவிட முடிந்தது என்று கண்ணால் அளக்க முடிகிறது. அதனால்தான் மனிதனுக்கு இந்தத் துணிச்சல் வந்தது போலும்.

கடலும் தன் பங்குக்குத் தள்ளியிருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் இப்போதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்து இருந்தது. இங்கிருந்து சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் கால்நடையாகவே போகலாம். அந்தத் தண்ணீரெல்லாம் பனிப்பாளங்களாகக் கட்டிக் கிடந்தது. பனி உருகியபோது கடல் ஒரே சீராக ஏறவில்லை. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன்பு சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே 10 மீட்டருக்கும் மேல் ஏறிய காலம் ஒன்று உண்டு. பனி இடியும்போது தவணை முறையில் இடிவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கடல்கோள் என்ற சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. பூம்புகாரைச் சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டும்.

நான்காம் நாள், வியாழன்

விடியற்காலை தொடங்கிய மழை விடவில்லை. பள்ளி விடுமுறை, பேத்தி வீட்டில் இருந்தாள். தொடக்கநிலை நான்கு முடித்திருக்கிறாள், கேள்விக்குப் பஞ்சமில்லாத பிள்ளை. நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சின்னப் பாட்டி, மிதக்கிற ஐஸ் உருகினால் கடல் ஏறாதே, பிறகு ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தோம். ஐஸ் முழுதும் உருகியும் ஒரு சொட்டு வழியவில்லை. அவள் சொன்னது பலித்தது. அதன் பிறகு அவளுக்குத் திருவாரூர் ஆழித்தேரைப் பற்றிச் சொன்னேன். அத்தான் தன் கைபேசியில் தேர்ப் படத்தைக் காட்டினார். தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைப் போட்டுக்கொண்டே ஆட்கள் ஓடுவார்கள். அந்தக் கட்டை தேரில் சேர்த்தி இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய தேர் யார் பேச்சையும் கேட்காது. கரையோரத்தில் கடல்மீது மிதக்கும் பனித்தட்டுதான் அந்த முட்டுக்கட்டை. பின்னால் நிலத்தின்மேல் நிற்கும் பனியாறுதான் தேர். தட்டு உருகுவதால் மட்டும் கடல் ஏறிவிடாது. தட்டு போனபின் தேர் ஓடி வந்து கடலில் இறங்கும்போது ஏறும்.

இது கற்பனை இல்லை. 2002ஆம் ஆண்டு லார்சன் பி என்ற பனித்தட்டு 35 நாட்களில் நொறுங்கிப்போனது. 3,250 சதுர கிலோமீட்டர். "உன் சிங்கப்பூரைப்போல நான்கு மடங்குக்கும் மேலே" என்றேன். பேத்தி வாயில் வைத்திருந்த முறுக்கை எடுத்துவிட்டாள். அந்தத் தட்டு போன பிறகு அதன் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகத்தில் நகர்ந்தன.

அடுத்த சோதனை அவள் யோசனை. கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்தோம். மத்தியானம் இரண்டு தம்ளர் எடுத்தோம். ஒன்றில் சாதாரணத் தண்ணீர், மற்றதில் மூன்று கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் ஆளுக்கு ஒரு செம்மஞ்சள் கட்டி போட்டோம். எது முதலில் கரையும்? "உப்புத் தண்ணீர்தான்" என்று அடித்துச் சொன்னாள். நடந்தது நேர்மாறு. சாதாரணத் தண்ணீரில் கட்டியின் அடியிலிருந்து செம்மஞ்சள் நூல்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. தம்ளர் முழுதும் கலங்கியது. பத்து நிமிடத்தில் கட்டி காணாமல் போனது. உப்புத் தண்ணீரில் ஒரு நூலும் இறங்கவில்லை. உருகிய நீர் மேலேயே தங்கி, ஆடைபோல ஒரு விரற்கடை அளவுக்குச் செம்மஞ்சளாகப் படிந்து நின்றது. கீழே தெளிந்த உப்புநீர். கட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

உருகிய நல்ல நீர் இலேசானது. உப்புநீரின் மேலே மிதந்து, தன் குளிர்ச்சியையே போர்வையாகப் போர்த்தி ஐஸைக் காப்பாற்றுகிறது. "கரண்டியால் கலக்கு" என்றேன். கலக்கினாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, கட்டி போய்விட்டது.

2020 ஜனவரியில் துவைட்ஸ் பனித்தட்டில் வெந்நீரைப் பீய்ச்சி சுமார் 600 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஐஸ்ஃபின் என்ற இயந்திர மீனை உள்ளே இறக்கினார்கள். அது பனியின் அடிப்புறத்தை நேரில் பார்த்து வந்தது. முடிவுகள் 2023இல் வெளிவந்தன. எங்கள் இரண்டாவது தம்ளர்தான் அங்கே! அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் இடங்களில் உருகிய நீர் போர்வையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே உருகும் வேகம் ஆண்டுக்கு 2 முதல் 5 மீட்டர்தான்; கணித்திருந்ததைவிடக் குறைவு. ஆனால் பிளவுகளின் செங்குத்துச் சுவர்களிலும், படிக்கட்டுபோல் வெட்டுண்ட இடங்களிலும் போர்வை நிற்காமல் மேலே வழுக்கிவிடுகிறது. அந்தச் சுவர்களை உப்புநீர் வேகமாக அரித்துக்கொண்டிருக்கிறது.

குறைவாக உருகுகிறது என்ற செய்தியைப் படித்தபோது முதலில் மனம் நிம்மதி அடைந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு கொஞ்சம் உருகியே 14 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது என்றால், கரண்டி போட்டுக் கலக்கினால் என்ன ஆகும்? காற்றின் திசை மாறினால், ஆழத்து நீரோட்டம் வலுத்தால், அதுதானே கரண்டி?

பேத்தி அந்த இரண்டு தம்ளரையும் கழுவ விடவில்லை. அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

ஐந்தாம் நாள், வெள்ளி

மரினா அணைக்கட்டு. கூரையெல்லாம் புல்வெளி; பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே கதவுகள் இருக்கும் பக்கமே நின்றேன். 2008இல் திறந்தது. 350 மீட்டர் அகலக் கால்வாய் வாயை ஒன்பது எஃகுக் கதவுகளால் அடைத்து, உள்ளே நல்ல தண்ணீர், வெளியே கடல். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால் கதவைத் தாழ்த்தி உபரி நீரைத் தானாக வெளியே விடுகிறார்கள். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மழை வந்தால் கதவைத் திறக்க முடியாது; ஏழு ராட்சத பம்புகள் இறைக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40,000 லிட்டர்.

காவிரிக் கடைமடையில் பிறந்தவளுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் வடிகால் வாய்க்கால்களின் முகத்துவாரத்திலும் கடல் ஏறியிருந்தால் மழைநீர் வடியாது. வயலில் பயிர் அழுகும். கடல்மட்டம் ஒரு சாண் ஏறினால் கதவு தானாக வேலை செய்யும் நேரம் குறையும்; பம்பு ஓடும் நேரம் கூடும். எங்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை.

மாலையில் அக்கா மகன் கணக்குச் சொன்னான். இந்த நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2011 முதல் புதிதாகத் தூர்க்கும் நிலத்தைக் கடல்மட்டத்திலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயர்த்துகிறார்கள். முன்பு 3 மீட்டராக இருந்தது. 2024 ஜனவரியில் வெளியான அரசாங்க ஆய்வு, 2100ஆம் ஆண்டுக்குள் இங்கே கடல் 1.15 மீட்டர் வரை ஏறலாம், 2150க்குள் சுமார் 2 மீட்டர் ஏறலாம் என்று சொல்கிறது. புகை குறைந்தால் 2100இல் 23 சென்டிமீட்டரோடு நிற்கவும் வாய்ப்புண்டு. கரையைக் காக்க நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது அதற்கு மேலும் ஆகும் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார்.

23 சென்டிமீட்டருக்கும் 115 சென்டிமீட்டருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அந்த இடைவெளியில் ஒரு பகுதி நாம் விடப்போகும் புகை. இன்னொரு பகுதி, அண்டார்டிகாவின் அடியில் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் தின்னும் என்பது.

ஆறாம் நாள், சனி

கால்வலி. விக்டோரியா தெருவில் தேசிய நூலகத்தில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து படித்தேன், அவ்வளவுதான். இரண்டு செய்திகளை மட்டும் குறித்து வைக்கிறேன்.

ஒன்று கிரீன்லாந்து. மேற்குக் கரையில் யாக்கப்சாவ்ன் என்ற பனியாறு. 1997இல் ஆழ்கடலின் வெப்ப நீர் டிஸ்கோ விரிகுடாவுக்குள் புகுந்தது. அதன் மிதவைத் தட்டு மெலிந்து உடைந்து, பனியாறு பாய்ந்தோடத் தொடங்கியது. 2016 வாக்கில் குளிர்ந்த நீர் திரும்பி வந்ததும் அதே பனியாறு வேகம் குறைந்தது. கடிவாளம் கடலின் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

மற்றது மனத்தைப் பிசைகிறது. அமுண்ட்சன் கடல், அதாவது துவைட்ஸை அரிக்கும் கடல், இந்த நூற்றாண்டில் நாம் புகையைக் கடுமையாகக் குறைத்தாலும் கடந்த நூற்றாண்டைப்போல மூன்று மடங்கு வேகத்தில் சூடேறும் என்று 2023இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். குறைப்பதால் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அண்டார்டிகாவின் மொத்தப் பனியில் கடலை 58 மீட்டர் உயர்த்தும் தண்ணீர் இருக்கிறது. மேற்குப் பகுதியில் இருப்பது அதில் சுமார் 5 மீட்டர்தான். மீதியெல்லாம் கிழக்கில். அதைக் காப்பாற்றுவது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. பேத்தியின் பேத்திகள் எந்தக் கரையில் நிற்பார்கள் என்பது அதைப் பொறுத்தது.

ஏழாம் நாள், ஞாயிறு

இன்று பௌர்ணமி. கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு இரண்டு முறை போனேன். முதலில் போனபோது கடல் வற்றியிருந்தது. கல் அணையின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிய பாறைகள் வெளியே தெரிந்தன. அதற்கும் அப்பால் நடக்கிற தூரத்துக்கு ஈர மணல். சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே பாறைகளைக் காணோம். ஆள் உயரத்தையும் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தது. நாகப்பட்டினத்தில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது. இங்கே பௌர்ணமியில் இரண்டரை, மூன்று மீட்டர் வருகிறது. நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நிலா இழுக்கிற இழுப்பு இது.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் அக்கா மகனிடம் நான் பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "நிலா இவ்வளவு தூரத்திலிருந்து கடலை இழுக்கிறதே, பக்கத்திலேயே இருக்கும் ஒரு பனிமலை இழுக்காதா?"

இழுக்கும். அண்டார்டிகாவின் பனி சில இடங்களில் 4 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். அவ்வளவு பெரிய நிறை தன்னைச் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துக் குவித்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறையும். குவிந்திருந்த தண்ணீர் பிடி விட்டு வேறு பக்கம் போகும். பாரம் இறங்கிய தரையும் மெல்ல மேலே எழும். அதனால் உருகும் பனிக்கு அருகே, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வட்டத்துக்குள், கடல் தாழ்கிறது! தொலைவில் சராசரியைவிட அதிகமாக ஏறுகிறது. ஃபேரல், கிளார்க் என்ற இருவர் 1976இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2002 முதல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, பனியின் ஈர்ப்பு எங்கே எவ்வளவு குறைகிறது என்று எடை போட்டன.

தெற்கே அண்டார்டிகா, வடக்கே கிரீன்லாந்து. இரண்டுக்குமே தூரத்துச் சொந்தம் நிலநடுக்கோட்டுப் பகுதி. எந்தப் பக்கம் பனி கரைந்தாலும் சராசரியைவிடக் கூடுதல் பங்கு நமக்கு வந்து சேர்கிறது. சிங்கப்பூருக்கும் வருகிறது, நாகப்பட்டினத்துக்கும் வருகிறது.

இதைப் படித்த நாளை நான் மறக்கவில்லை. பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர்போல உலகம் முழுதும் ஒரே அளவாகக் கடல் ஏறும் என்றுதான் அத்தனை வருஷமும் நடத்தினேன். என் மாணவர்களில் எத்தனையோ பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் இன்றும் கரையில் இருப்பவர்கள். துருவம் எங்கேயோ இருக்கிறது என்று அவர்கள் நினைக்கும்படி நடத்திவிட்டேனே என்று இருக்கிறது. ஊருக்குப் போனதும் பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு கேட்டு வாங்கி, இரண்டு தம்ளரும் கேசரிப் பவுடருமாகப் போய் நிற்கப்போகிறேன்.

அக்கா மகன் நெடுநேரம் பேசவில்லை. இந்தக் கரைக்கு எதிரேதான் சுமார் 800 ஹெக்டேரில் 'நீண்ட தீவு' தூர்க்கும் திட்டம் இருக்கிறது. கடலைத் தடுக்கும் அணையும் அதுவே, நல்ல நீர் ஏரியும் அதற்குள்ளேயே. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "நாங்கள் மண் கொட்டிக் கொட்டி உயர்த்துகிறோம் சித்தி. எவ்வளவு வரை என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்களா?" என்றான். அங்கே என்று அவன் காட்டியது தெற்கு.

எட்டாம் நாள், திங்கள்

சாங்கியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். தம்பியைக் கூப்பிட்டேன்.

"எத்தனை அடி, அக்கா?" என்றான் எடுத்ததும்.

வீடு எத்தனை வருஷம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைகள் காலம் தாண்டியும் நிற்க வேண்டும் என்றான். அப்படியானால் 2100ஐ ஒட்டிய கணக்கு என்றேன். சிங்கப்பூர் தனக்குப் போட்டுக்கொண்ட மேல் வரம்பு 1.15 மீட்டர், ஏறத்தாழ நாலு அடி. அது கடல் சும்மா இருக்கும் நாளில். 2018இல் கஜா வந்ததுபோல ஒரு புயல் வந்தால், கடல் பொங்குவது அந்த உயர்ந்த மட்டத்தின் மேலே ஏறி வரும். வீட்டை உயர்த்தினாலும் தெருவும் வாய்க்காலும் கிணறும் அப்படியேதான் இருக்கும். உப்புநீர் நிலத்தடியில் வருவதை அடித்தளம் தடுக்காது. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். "மனசாட்சிப்படி 5 அடிக்குக் குறைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் எதற்கு மேலே 5 அடி என்று முதலில் தெரிய வேண்டும். நம் தெரு கடலுக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது?"

"அது யாருக்குத் தெரியும்?"

"ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதியிருப்பார்கள், கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று. சின்ன வயதில் நாம் இருவரும் அதைப் படித்திருக்கிறோம். அங்கிருந்து நம் மனை வரைக்கும் கொத்தனாரை டியூப் மட்டம் பிடித்துக்கொண்டு வரச் சொல்."

டியூப் மட்டம் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது, சர்வேயரைத்தான் கூப்பிட வேண்டும் என்றான். கூப்பிடு என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. தம்பி மனைவியிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "அரை அடி கூடினாலே பத்து லோடு மண் கூடும் என்கிறாள். பரவாயில்லை. நாளைக்குக் காலையில் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றான்.